மீன் இல்லாத கட்டத்திலும் வலை இறங்க வேண்டும்

பேரிங் கடலின் கிழக்குப் பகுதியில், அலாஸ்காக் கரைக்கும் கண்டத்திட்டின் விளிம்புக்கும் நடுவே, கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு வரைபடம் இருக்கிறது. ஒரு கட்டம் 20 கடல்மைலுக்கு 20 கடல்மைல். கட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி. பிரிபிலோஃப் தீவுகளையும் செயின்ட் மேத்யூ தீவையும் சுற்றி, நண்டுக் கணக்குக்காகக் கட்டங்களின் மூலைகளிலும் புள்ளி வைத்திருந்தார்கள். நான் வேலை செய்த காலத்தில் மொத்தம் 376 புள்ளிகள். கோடை தொடங்கும்போது இரண்டு மீன்பிடிக் கப்பல்கள் டச்சு ஹார்பரிலிருந்து கிளம்பும். பிரிஸ்டல் வளைகுடாவில் முதல் வலையை இறக்கி, மேற்கே மேற்கே நகர்ந்து, ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ எல்லாப் புள்ளிகளையும் முடிக்கும். எந்தப் புள்ளியானாலும் ஒரே வகை வலை, ஒரே வேகம், அதே முப்பது நிமிடம். 1982 முதல் இப்படித்தான் நடக்கிறது.

அமெரிக்காவின் அலாஸ்கா மீன்வள அறிவியல் மையம் நடத்தும் இந்தக் கணக்கெடுப்பில் ஒரு கப்பலுக்கு ஆறு பேர் அறிவியல் குழு. அதில் ஒருவனாகப் பல கோடைகளை அங்கே கழித்திருக்கிறேன். என் கைக்கு அதிகம் வந்தவை தட்டைமீன்கள். நம் கரையில் நாக்கு மீன் என்றும் எருமை நாக்கு என்றும் சொல்கிற மீன்களின் தூரத்து உறவுகள் இவை. குஞ்சாக இருக்கும்போது மற்ற மீனைப் போல நிமிர்ந்து நீந்தி, பிறகு ஒரு கண் தலையைச் சுற்றி மறுபக்கம் ஏறி, அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி தரையில் படுத்துக்கொள்ளும் இனம். நம் நாக்கு மீனுக்குக் கண்கள் இடப்பக்கம். எருமை நாக்கில் இரண்டு விதமும் உண்டு. பேரிங் கடலில் கிடைப்பவற்றுக்கு ஏறக்குறைய எல்லாமே வலக்கண். ஸ்டாரி ஃபிளவுண்டர் ஒன்றுதான் வலக்கண் குடும்பத்தில் பிறந்தும் அங்கே பெரும்பாலும் இடக்கண்ணோடு திரியும்.

இவற்றை எண்ணுவதற்கு ஏன் வலையே போட வேண்டும் என்பதற்கு அதன் உடம்பிலேயே விடை இருக்கிறது. வளர்ந்த தட்டைமீனுக்குக் காற்றுப்பை கிடையாது. காற்றுப்பை உள்ள பொல்லாக் மீனை ஒலியலை அனுப்பி, அது திரும்பி வரும் அளவை வைத்து எண்ணிவிடலாம். மண்ணோடு மண்ணாகப் படுத்திருக்கும் தட்டைமீன் அந்தக் கருவிக்குக் கடல்தரையாகத்தான் தெரியும். ஆகவே தரையை வருடிக்கொண்டு போகும் இழுவலையை விட்டால் வேறு வழி இல்லை.

எண்ணியே தீர வேண்டும் என்பதற்குக் காரணம் அந்தக் கடலின் பழைய கதை. யெல்லோஃபின் சோல் என்று ஒரு மீன். துடுப்பு மஞ்சள், மேலுடம்பு பழுப்பு, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் பெரும்பாலும் வலையில் வரும். இன்று உலகின் மிகப்பெரிய தட்டைமீன் தொழில் இதை நம்பித்தான் நடக்கிறது. 1959 முதல் 1962 வரை ஜப்பானியக் கப்பல்களும் சோவியத் கப்பல்களும் இதை அள்ளின. ஆண்டுக்குச் சராசரி 4 லட்சம் டன்னுக்கு மேல். 1961இல் மட்டும் சுமார் 5,54,000 டன். அதன்பிறகு பிடிப்பு சரிந்தது. இந்த மீனில் பெண்களில் பாதி முதிர்ச்சி அடைவதற்கே பத்து வயது தாண்டிவிடும். முப்பது வயதைக் கடந்தவையும் உண்டு. இப்படி மெல்ல வளரும் மீனை நான்கே ஆண்டில் காலி செய்துவிட்டால் அது மீள ஒரு தலைமுறை ஆகும். உண்மையிலும் ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆயிற்று. கடலில் எவ்வளவு இருக்கிறது என்று ஆண்டுதோறும் பார்த்துச் சொல்ல அப்போது யாரும் இல்லை. அது என் மனதை விட்டு அகலாத விஷயம்.

வலையைப் பற்றிச் சொல்கிறேன். மேல்கயிறு 83 அடி, கீழ்க்கயிறு 112 அடி என்பதால் அதற்கு 83-112 என்றே பெயர். கீழ்க்கயிற்றில் பெரிய உருளைகள் கிடையாது. ரப்பர் சுற்றிய மெல்லிய கயிறு, மண்ணும் சேறுமான சமதரையில் ஒட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக. வலையின் வாயை விரித்துப் பிடிக்க இருபுறமும் 800 கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புப் பலகைகள். வலையில் கட்டிய கருவிகள் வாய் எவ்வளவு விரிந்திருக்கிறது, எவ்வளவு உயரம் திறந்திருக்கிறது என்று மேலே சொல்லிக்கொண்டே இருக்கும். கீழ்க்கயிற்றின் நடுவில் ஒரு கருவி, கயிறு தரையைத் தொடுகிறதா என்பதற்கு. மேல்கயிற்றில் ஒன்று, ஆழத்துக்கும் வெப்பநிலைக்கும்.

இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. மூன்று நாட் வேகத்தில் முப்பது நிமிடம் இழுத்தால் ஒன்றரைக் கடல்மைல், அதாவது சுமார் 2.8 கிலோமீட்டர். வலை சராசரியாக 17 மீட்டர் அகலம் விரியும். இரண்டையும் பெருக்கினால் 4.7 ஹெக்டேர், ஏறக்குறைய பன்னிரண்டு ஏக்கர் தரையை வலை வாரியிருக்கிறது. ஒரு கட்டத்தின் பரப்போ 1,372 சதுர கிலோமீட்டர். நாம் பார்த்தது அதில் இருபத்தொன்பதாயிரத்தில் ஒரு பங்கு. மேல்தளத்தில் தராசில் நிற்கும் ஒவ்வொரு கிலோவும் கணக்கில் 29 டன் ஆகிறது. ஒரு கூடை மீனைத் தவறான பெயரில் எழுதிவிட்டால் கடலில் இல்லாத ஏறக்குறைய ஆயிரம் டன் மீன் காகிதத்தில் பிறந்துவிடும். புதிதாக வரும் இளைஞர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இந்தப் பெருக்கலைத்தான். அதைப் பார்த்த பிறகு கூடையை வீசுகிற கை கொஞ்சம் நிதானப்படும்.

இந்தக் கப்பல்கள் அரசுக் கப்பல்கள் அல்ல. வாடகைக்கு வரும் உண்மையான மீன்பிடிக் கப்பல்கள். கேப்டனும் வலைக்காரர்களும் ஆண்டின் மற்ற மாதங்களில் அதே கடலில் பிழைப்பவர்கள். ஒரு கேப்டன் நினைவுக்கு வருகிறார். பல பத்தாண்டுகளாக சோல் பிடித்த மனிதர். நூனிவாக் தீவுக்குத் தெற்கே ஒரு கட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். வரைபடத்தில் விரலை வைத்துச் சொன்னார்: “இந்தப் புள்ளியில ஒண்ணும் கிடைக்காது. இங்கேருந்து ஆறு மைல் தள்ளிப் போனா கொட்டிக் கிடக்கு. எனக்குத் தெரியும். எதுக்காக இங்கே வலையைப் போட்டு எண்ணெயை எரிக்கணும்?”

அவர் சொன்னது பொய்யில்லை. மீன் எங்கே இருக்கும் என்று அறிவது அவர் தொழில். அந்த அறிவின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அந்த அறிவைக் கணக்கெடுப்பில் கலக்கவே கூடாது. மீன் இருக்கிற இடமாகப் பார்த்து வலை போட்டால் ஒவ்வொரு ஆண்டும் வலை நிறையும். மீன் வளம் பாதியாகக் குறைந்தாலும், மிச்சமிருக்கிற மீன் கூடும் இடத்தை நல்ல கேப்டன் கண்டுபிடித்துவிடுவார். வலை அப்போதும் நிறையும். கூட்டம் சுருங்குவது காகிதத்தில் தெரியாது. உலகின் பல கடல்களில் வளம் சரிந்தபோது பிடிப்பு மட்டும் குறையாமல் இருந்து ஏமாற்றியது இப்படித்தான். அவரிடம் இதைச் சொன்னேன். “இந்தக் கட்டத்துல சைபர் வந்தா அந்த சைபர்தான் எங்களுக்கு வேணும். போன வருஷமும் சைபர், இந்த வருஷம் நாற்பது கிலோன்னா அது பெரிய செய்தி. போன வருஷம் நாற்பது, இந்த வருஷம் சைபர்னா இன்னும் பெரிய செய்தி.”

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் வலையை இறக்கும்போது காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துக் கப்பலைத் திருப்பி, வலையை இழுக்கும் இரண்டு கம்பியும் ஒரே சீராகப் போகும்படி விட்ட விதம் இருக்கிறதே, அது மீன் குவிந்திருக்கும் இடத்தில் அவர் காட்டும் கவனத்துக்குக் கொஞ்சமும் குறையவில்லை. அந்த இழுப்பில் நட்சத்திரமீன்களும் கொஞ்சம் பனிநண்டும்தான் வந்தன. எல்லாவற்றையும் நிறுத்து எழுதினோம்.

இந்தத் தொழிலில் உழைப்பின் பெரும்பகுதி மாறாமல் இருப்பதற்கே செலவாகிறது. எத்தனை மீட்டர் ஆழத்துக்கு எத்தனை மீட்டர் கம்பி விட வேண்டும் என்பதற்கு அட்டவணை. வலையை வாங்கியதும் வரைபடத்தோடு ஒப்பிட்டுக் கண்ணிகளை அளந்து பார்ப்பார்கள். கம்பிகளை அளப்பார்கள். பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் இழுப்பு. வலை கிழிந்தாலோ, யாரோ விட்டுப்போன நண்டுக்கூண்டு சிக்கினாலோ அந்த இழுப்பு செல்லாது. திரும்பவும் இழுக்க வேண்டும். 2002இல் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் நடந்த ஒரு கணக்கெடுப்பில், வலையை இழுக்கும் இரண்டு கம்பிகளின் நீளக் குறிகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று மீனவர்கள் சுட்டிக்காட்டினார்கள். வலை கோணலாகப் போயிருந்தால் அத்தனை ஆண்டு எண்களும் என்ன ஆவது என்று அங்கே எழுந்த கொந்தளிப்பு லேசில் அடங்கவில்லை. அதன்பிறகுதான் கம்பி அளப்பதற்கும் வலை சரிபார்ப்பதற்கும் நாடு முழுவதற்கும் எழுத்தில் நெறிமுறைகள் வந்தன. மீனவர்கள் கேள்வி கேட்டது நல்லது என்றே நினைக்கிறேன். எங்கள் எண் அவர்கள் பிழைப்பின் மேல் விழுகிறது. கம்பியை அளந்து பார்க்க அவர்களுக்கு உரிமை உண்டு.

வலையின் மடி மேல்தளத்துக்கு வந்ததும் முடிச்சை அவிழ்த்து வரிசைப்படுத்தும் மேசையில் கொட்டுவார்கள். ஏறக்குறைய ஒரு டன்னுக்கு உட்பட்டதென்றால் அத்தனையும் பிரிக்க வேண்டும். அதைவிட மிகுதியென்றால் ஒரு பகுதியைப் பிரித்து மொத்தத்துக்குப் பெருக்குவோம். மீன், நண்டு, நத்தை, நட்சத்திரமீன், சொறிமுட்டை, கடல்சாமந்தி என எல்லாமே இனம் இனமாகக் கூடையில் ஏறி நிறுக்கப்படும். ரப்பர் உடுப்பு, முழங்கால் பூட்ஸ், கையுறைக்குள் கையுறை. மூடுபனியும் சாரலும் இல்லாத நாள் அரிது. கை மரத்துப் போவதைவிடக் கண் மரத்துப் போவதுதான் ஆபத்து. ஒரே பழுப்பு நிறத்தில் ஆயிரம் மீன் கடந்து போகும்போது வேறொன்று கலந்திருப்பது தெரியாமல் போய்விடும்.

தட்டைமீனில் இந்தக் குழப்பம் அதிகம். ராக் சோல் என்று நெடுங்காலம் ஒரே இனமாக எழுதிவந்தது இரண்டு இனம் என்று ஜேம்ஸ் ஓரும் ஆன் மட்டரீஸும் 2000இல் முறையாக எழுதி வெளியிட்டார்கள். வடக்கு ராக் சோலுக்குச் செவுள் முட்கள் அதிகம்; கண்ணில்லாத அடிப்பக்கம் பாலேடு போல வெள்ளை. ஆரோடூத் ஃபிளவுண்டரும் கம்சட்கா ஃபிளவுண்டரும் கூடையில் கிடந்தால் பழகாத கண்ணுக்கு ஒன்றுதான். மேல்கண் தலையின் விளிம்பில் எங்கே உட்கார்ந்திருக்கிறது, செவுளில் எத்தனை முள் என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். தொடக்க கால ஆண்டுகளில் இவை பிரிக்கப்படாததால் அந்தப் பழைய எண்களை இன்று தனித்தனியே பயன்படுத்த முடிவதில்லை. ஃபிளாட்ஹெட் சோலுக்கும் பேரிங் ஃபிளவுண்டருக்கும் இதே கதை. மேசையில் நிற்பவர் அரை விநாடியில் எடுக்கும் முடிவை நாற்பது ஆண்டு கழித்து எந்தக் கணினியாலும் திருத்த முடியாது.

எனக்குப் பிடித்தது கிரீன்லாந்து டர்பட். மற்றவை அடிப்பக்கம் வெளுத்திருக்க, இது இரண்டு பக்கமும் கறுத்திருக்கும். இடம்பெயர்ந்த கண் மறுபக்கம் முழுதாகப் போகாமல் தலையின் உச்சி விளிம்பிலேயே நிற்கும். தரையில் படுத்தே கிடக்காமல் எழுந்து நீந்தி வேட்டையாடும் மீன் என்பது பார்த்தாலே தெரியும். குளிர் மிகுந்த ஆண்டுகளில்தான் இதன் குஞ்சுகள் கண்டத்திட்டின் வடமேற்கில் நிறையத் தென்படும். 2007க்கும் 2010க்கும் இடையில் பிறந்த குஞ்சுகள் வலையில் வரத் தொடங்கியபோது கப்பலில் எங்களுக்கு இருந்த மகிழ்ச்சியை மறக்க முடியாது. ஆண்டுக்கணக்கில் காணாத சிறு டர்பட்கள்.

பிரித்த பிறகு நீளம். முன்பு பிளாஸ்டிக் பட்டையில் கத்தி முனையால் குத்திக் குறிப்பார்கள். பிறகு விரலில் கட்டிய சிறு காந்தம் வால் நுனியில் பலகையைத் தொட்டால் நீளம் தானே பதிவாகும் பலகை வந்தது. தட்டைமீனில் ஆணும் பெண்ணும் வேறுவேறு வேகத்தில் வளர்வதால் ஆணா பெண்ணா என்று பார்க்காமல் எடுத்த நீளத்துக்கு மதிப்புக் குறைவு. கத்தியால் சிறு கீறல் போட்டுப் பார்ப்போம். பெண் மீனின் சினைப்பை வாலை நோக்கி நீண்டு கிடக்கும். ஆணுக்குச் சிறிய விந்துப்பை வயிற்றோடு நின்றுவிடும். கொஞ்ச நாளில் கீறலைப் பார்ப்பதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தாலும் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுத்ததில்லை.

அடுத்தது காதுக்கல். மீன் தலைக்குள் சமநிலைக்காக இருக்கும் சுண்ணாம்புக் கல் இரண்டு. தலையில் சரியான இடத்தில் ஒரு வெட்டு, இடுக்கியால் இரண்டு கல், சின்னக் குப்பி, குப்பியில் எண். சியாட்டிலில் உள்ள ஆய்வகத்தில் கல்லை நடுவில் உடைத்து, சாராய விளக்கில் லேசாகச் சுட்டு, நுண்ணோக்கியில் வளையங்களை எண்ணுவார்கள். சூடுபட்டதும் குளிர்கால வளையம் கறுத்துத் துலங்கும். ஒரே கல்லை இருவர் தனித்தனியே எண்ணி ஒப்பிடுவதும் உண்டு. எத்தனை மீன் என்பதை வலை சொல்கிறது. எந்த ஆண்டு பிறந்த மீன் என்பதை இந்தக் கல் சொல்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் எந்த ஆண்டின் குஞ்சுகள் தப்பிப் பிழைத்தன, ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு சாகின்றன என்று கணக்குப் போட முடியும்.

2010இல் பெத் மாட்டா, பிரையன் பிளாக், டாம் வில்டர்பூர் மூவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தக் கற்களின் மேல் எனக்கிருந்த மதிப்பைப் பல மடங்கு கூட்டியது. மரத்தின் ஆண்டு வளையங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் முறையைக் கொண்டு யெல்லோஃபின் சோல், வடக்கு ராக் சோல், அலாஸ்கா பிளேஸ் மூன்றின் கற்களையும் பொருத்திப் பார்த்தார்கள். வெவ்வேறு மீன், வெவ்வேறு இனம். ஆனால் ஒரே ஆண்டில் எல்லாக் கல்லிலும் வளையம் அகன்றது, ஒரே ஆண்டில் ஒடுங்கியது. அந்த ஏற்ற இறக்கம் கடலடி வெப்பநிலையோடு ஒத்துப்போயிற்று. கைநடுங்கக் குப்பியில் போட்ட ஒவ்வொரு கல்லிலும் பேரிங் கடலின் தட்பவெப்ப வரலாறு இருந்திருக்கிறது.

இனி நான் அதிகம் யோசித்த விஷயத்துக்கு வருகிறேன். வலை வாரிய பன்னிரண்டு ஏக்கரில் இருந்த மீன் அத்தனையும் மடிக்குள் வந்ததா? தட்டைமீனில் இந்தக் கேள்வி இரண்டு பக்கமும் வெட்டும். பலகைக்கும் வலைக்கும் நடுவே ஐம்பது மீட்டருக்கு மேல் நீளும் கம்பிகள் தரையை உரசிக்கொண்டு போகும்போது மீன் கிளம்பி உள்பக்கமாக நகர்கிறது. அப்படி நகர்ந்து நகர்ந்து வலையின் வாய்க்கு வந்துவிடுகிறது. அதாவது 17 மீட்டருக்கு வெளியே படுத்திருந்த மீனும் கணக்கில் சேர்கிறது. இன்னொரு பக்கம், வாய்க்கு வந்த மீனில் சில கீழ்க்கயிற்றுக்கு அடியில் நழுவித் தப்புகின்றன. டேவிட் சோமர்ட்டனும் பீட்டர் மன்றோவும் இரண்டையும் சோதித்தார்கள். கம்பி நீளத்தை மாற்றி மாற்றி இழுத்துப் பார்த்தது ஒன்று, 2001இல் வெளிவந்தது. வலைக்கு அடியில் இன்னொரு சிறு வலையைக் கட்டி, தப்புகிறதைப் பிடித்து எண்ணியது மற்றொன்று. இனத்துக்கு இனம், அளவுக்கு அளவு விடை வேறுபட்டது.

இதோடு குளிர் சேர்ந்துகொள்கிறது. பேரிங் கடலில் குளிர்காலத்தில் பனி உறையும். அது உருகிய பிறகும் அடியில் 2 டிகிரிக்குக் குறைந்த நீர் கோடை முழுவதும் திட்டின் நடுவே தேங்கிக் கிடக்கும். அந்தத் தேக்கம் பெரிதாக இருந்தால் மீன் எல்லாவற்றிலும் பிந்தும். யெல்லோஃபின் சோல் குளிர்காலத்தைத் திட்டின் வெளிவிளிம்புப் பக்கம் கழித்துவிட்டு, வசந்தத்தில் கரையோர ஆழமற்ற நீருக்கு முட்டையிடப் போகும். அந்தக் கரையோரத்தில் எங்கள் புள்ளிகள் இல்லை. அவ்வளவு ஆழமற்ற இடத்தில் எங்கள் கப்பல் இழுக்காது. வெதுவெதுப்பான ஆண்டில் முட்டையிடுவது சீக்கிரம் முடிந்து மீன் எங்கள் பரப்புக்குத் திரும்பியிருக்கும். குளிர் ஆண்டில் நாங்கள் கடந்து போகும்போது அது இன்னும் கரையோரத்திலேயே இருக்கும். 1999 அப்படி ஒரு கடுங்குளிர் ஆண்டு. முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டால் யெல்லோஃபின் சோல் மதிப்பீடு பெரும் சரிவு கண்டது. முப்பது வயது வாழும் மீன் ஒரே ஆண்டில் அப்படிச் செத்துப்போய், பிறகு திரும்ப முளைப்பதற்கு வழியில்லை. கடலில் இருந்த மீன் வலைக்கு எட்டாமல் இருந்திருக்கிறது.

டான் நிக்கலும் உடனாய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு இந்த முடிச்சை நன்றாக அவிழ்த்தது. இன்று வளமதிப்பீட்டுக் கணக்கில், வலைக்கு எட்டும் விகிதம் என்ற எண் கடலடி வெப்பநிலையையும் கணக்கெடுப்பு தொடங்கிய தேதியையும் சேர்த்துக்கொண்டு ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. மேல்கயிற்றில் கட்டிய அந்தச் சிறு வெப்பமானி இல்லாமல் இருந்திருந்தால், இழுப்புக்கு இழுப்பு கடலடி வெப்பநிலையை யாரோ ஒருவர் விடாமல் எழுதாமல் இருந்திருந்தால், இந்தத் திருத்தத்துக்கு இடமே இருந்திருக்காது. அதை எழுதியவர்களில் பலருக்கு அது எதற்குப் பயன்படும் என்று அன்று தெரிந்திருக்காது.

எங்கள் எண்கள் இலையுதிர்காலத்தில் மதிப்பீட்டாளர்கள் கைக்குப் போகும். வயது வாரியாக ஆணும் பெண்ணும் எத்தனை என்று அவர்கள் கணக்கை ஓட்டி, உயிரியல் அடிப்படையில் எவ்வளவு பிடிக்கலாம் என்று சொல்வார்கள். டிசம்பரில் வட பசிபிக் மீன்வள மேலாண்மைக் குழு உட்கார்ந்து மறு ஆண்டுக்கான அளவை முடிவு செய்யும். பேரிங் கடல், அலூஷியன் தீவுப் பகுதி இரண்டிலும் சேர்த்து அடிமீன்கள் மொத்தமாக 20 லட்சம் டன்னுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு கூரை வைத்திருக்கிறார்கள். பொல்லாக் பெரும்பங்கை எடுத்துக்கொள்வதால் தட்டைமீன்களுக்கு உயிரியல் அனுமதிக்கும் அளவைவிடக் குறைவாகவே ஒதுக்கப்படுவது வழக்கம். இன்னொரு கடிவாளம் ஹாலிபட் என்னும் பெரிய தட்டைமீன். சோல் பிடிக்கும் இழுவைக் கப்பல்கள் ஹாலிபட்டை வைத்துக்கொள்ளக் கூடாது. அது தவறிச் செத்துப்போகும் அளவுக்கும் வரம்பு உண்டு. வரம்பை எட்டினால் சோல் கடலில் மிச்சமிருந்தாலும் வலையைச் சுருட்ட வேண்டியதுதான். இந்த ஏற்பாட்டைக் குறைசொல்பவர்கள் உண்டு. 1961ஐ நினைத்துப் பார்க்கும் எனக்கு அதில் குறை தெரியவில்லை.

கடல் எங்கள் கட்டங்களுக்குள் அடங்கி நிற்பதும் இல்லை. 2018இல் குளிர்நீர்த் தேக்கம் அதுவரை காணாத அளவுக்குச் சுருங்கிப்போனது. பொல்லாக்கும் காட் மீனும் வடக்கே பெயர்ந்தன. வடக்குப் பேரிங் கடலையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய தேவை வந்தது. அங்கே 2010இல் ஒருமுறை, பிறகு 2017, 2019 என்று முழு அளவில் வலை போட்டபோது அலாஸ்கா பிளேஸின் கணிசமான பகுதி அந்த வடக்கில்தான் வாழ்கிறது என்பது தெளிவாயிற்று. உறைநீரிலும் இரத்தம் உறையாமல் காக்கும் புரதம் அதன் உடம்பில் உண்டு. குளிர்நீர்த் தேக்கம் அதற்குத் தடையே இல்லை. பழைய கட்டங்களைக் கைவிடாமல், புதிய கட்டங்களைச் சேர்த்துக்கொள்வதுதான் சரியான வழி. வலையையோ முறையையோ மாற்ற வேண்டி வந்தாலும், பழைய வலையும் புதிய வலையும் ஒரே தரையில் பக்கம் பக்கமாகப் பல இழுப்புகள் போட்டுப் பார்த்த பிறகே மாற்ற வேண்டும். செலவு மிகும் என்று அதைச் சுருக்கினால், மாற்றிய ஆண்டில் தெரியும் ஏற்றமோ இறக்கமோ மீனுடையதா வலையுடையதா என்று எவராலும் சொல்ல முடியாது.

2020இல் கொரோனாத் தொற்றால் கணக்கெடுப்பு நடக்கவில்லை. 1982க்குப் பிறகு விழுந்த முதல் வெற்றிடம் அது. 2021இல் கப்பல்கள் மீண்டும் பிரிஸ்டல் வளைகுடாவுக்குப் போயின. தட்டைமீனைப் பொறுத்தவரை அந்த ஓராண்டு இழப்பை ஓரளவு தாங்கிக்கொள்ள முடிந்ததற்குக் காரணம் அதன் நீண்ட ஆயுள். ஒரே ஆண்டில் பிறந்த யெல்லோஃபின் சோல் கூட்டம் எங்கள் வலையில் இருபது முப்பது கோடைகள் திரும்பத் திரும்ப வரும். 2020இல் பார்க்காமல் விட்ட எட்டு வயது மீனை 2021இல் ஒன்பது வயதில் பார்த்துக்கொள்ளலாம். அதன் பிறகு வெட்டியெடுத்த கற்களில் 2020ஆம் ஆண்டின் வளையமும் இருக்கிறது. அந்தக் கோடையில் மீன் எவ்வளவு வளர்ந்தது என்று அது சொல்லும். எத்தனை மீன் இருந்தன, எந்தக் கட்டத்தில் இருந்தன, எந்தக் கட்டம் வெறுமையாகக் கிடந்தது என்பவை மட்டும் எந்தக் கல்லிலும் பதிவதில்லை.